ஏழு கறி சாப்பிடப் பஹ்ரைன் போன கதை

டிரினிடாட் சாப்பாடு சாப்பிட டிரினிடாட்டுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. துபாயிலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு விமானம் மாறி ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். நான் போனது பஹ்ரைன், ஈசா டவுன். போனது போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் போய் இரவுக்குள் திரும்பும் திட்டம். இப்படி ஒரு நாள் பயணம் போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் இடையிடையே புலம்புவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெரில் என் பழைய அறைத்தோழி. துபாய் சத்வாவில் ஒரு தையல்கடைக்கு மேலே நாலு வருடம் ஒரே அறையில் இருந்தோம். கரீபியன் கடலில் இருக்கும் டிரினிடாட் தீவுக்காரி. ஐந்து தலைமுறைக்கு முன்னால் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய குடும்பம். ஆங்கிலம் தவிர ஒன்றும் தெரியாது, ஆனால் பருப்புக்குத் தாளிப்பாள். இப்போது பஹ்ரைனில் ஒரு பள்ளியில் டீச்சர். அங்கே ஏசி சூப்பர்வைசராக இருக்கும் செந்திலைக் கல்யாணம் செய்ய நினைக்கிறாள். செந்தில் புதுக்கோட்டைப் பக்கம்.

ஊரில் செந்திலின் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பெரியவன் செல்வம் அங்கேதானே இருக்கிறான், அவன் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும், அவன் வேண்டாம் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். அம்மா சம்மதிக்காமல் செந்தில் தாலி கட்டமாட்டான். ஷெரிலுக்கோ ஜூனில் பள்ளி ஒப்பந்தம் முடிகிறது. முடிந்ததும் டிரினிடாட்டுக்கே போய்விடுவாள். ஆக, செல்வம் அண்ணன் வந்து சாப்பிடும் இந்த ஒரு மதியச் சாப்பாட்டில்தான் எல்லாம் இருந்தது. எதுவும் தப்பாகப் போகாமல் பார்க்க ஒரு தமிழ் ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று வாரம் போனிலேயே பாடம் எடுத்தேன்: செருப்பை வெளியே விடு, வந்தவுடன் தண்ணீர் கொடு, அவர் சாப்பிட்ட பிறகு நீ சாப்பிடு.

முதல் எரிச்சல், விடுமுறை. பஹ்ரைனில் வெள்ளி, சனி. துபாயில் எங்களுக்குச் சனி, ஞாயிறு. கிளினிக்கில் கெஞ்சி ஒரு நாள் லீவு எடுத்தேன். டிக்கெட் போகவர 460 திர்ஹம். ஏழேகால் விமானம் எட்டு நாற்பதுக்குத்தான் கிளம்பியது, காரணத்தை யாரும் சொல்லவில்லை. பறப்பது ஒன்றேகால் மணி நேரம். பஹ்ரைன் நேரம் நமக்கு ஒரு மணி பின்னால் என்பதால் அங்கே இறங்கும்போது 8:55. விசா வரிசையில் நாற்பத்தைந்து நிமிடம் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் தன் பாஸ்போர்ட்டையே தேடிக்கொண்டிருந்தார்.

வாழை இலை வாங்கும் பொறுப்பு என்னுடையது. டிரினிடாட்டில் கல்யாணச் சாப்பாட்டை சொஹாரி என்ற ஒரு பெரிய இலையில் போடுவார்களாம். அது வளைகுடாவில் எங்கே கிடைக்கும்? வாழை இலை போதும் என்றேன். இலை கிடைக்கும் குதைபியா கடைத்தெரு விமான நிலையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் இருக்கும். டாக்ஸிக்காரர் மீட்டரைத் தொடவே இல்லை.

"மீட்டர் மாஃபி, சிஸ்டர். பாஞ்ச் தினார்."

"பாயி, ஐந்து தினாரா? இது அநியாயம்."

"யல்லா, சாடே சார். கலாஸ்."

நாலரை, அதோடு பேச்சு முடிந்தது என்கிறார்; கொடுத்தேன். ஒரு தினார் ஏறக்குறைய பத்து திர்ஹம், அதை நினைத்தால் வயிறு எரிகிறது. குதைபியாவில் மலையாளி கடை ஒன்றில் பன்னிரண்டு இலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குள் வாங்கிவிடுங்கள், தொழுகைக்குக் கடைகளை மூடிவிடுவார்கள். அங்கிருந்து ஈசா டவுன் பத்து கிலோமீட்டர், இன்னும் நாலு தினார்.

11:15க்கு வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பில் ஒன்றுமே இல்லை. தண்ணீர்கூடக் கொதிக்கவில்லை. ஷெரிலின் பள்ளியில் வேலை செய்யும் மூன்று டிரினிடாட் டீச்சர்மார் கையில் கத்தியோடு தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பூசணி, ஒரு பக்கம் உருளைக்கிழங்கு. பன்னிரண்டரைக்கு விருந்து.

அவர்கள் ஊரில் அதுதான் வழக்கமாம். சமைத்து முடித்துவிட்டு ஆளைக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்ட ஆள் வந்து, நறுக்கி, அரைத்து, கிளறி, ஊர்க்கதை பேசி, பிறகுதான் சாப்பாடு. சமையலே விருந்து. கல்யாண வீட்டில் தெருவே வந்து காய் நறுக்குமாம். "சும்மா உட்கார வைத்தால் அந்நியர் என்று அர்த்தம்" என்றாள் ஷெரில். நான் மூன்று வாரம் எடுத்த பாடமெல்லாம் காற்றில் போனது.

ஏழு கறி என்பது இதுதான்: பூசணி, கடலையும் உருளையும், மாங்காய், பயற்றங்காய், கீரை, பலாக்காய், கத்தரிக்காய். அதோடு சோறு, பருப்பு. மசாலாத் தூளைத் தண்ணீரில் கரைத்து எண்ணெயில் ஊற்றி, அது திரிந்து வரும்வரை வதக்குகிறார்கள். மாங்காய்க்குச் சீனி போடுகிறார்கள், யாழ்ப்பாணத்துக்காரியான என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பரோட்டாவைக் கல்லிலேயே இரண்டு மரக்கரண்டியால் அடித்துக் கிழிக்கிறார்கள். கிழிந்த சட்டை என்றே அதற்குப் பெயராம். எல்லாவற்றுக்கும் பூண்டு. அவ்வளவு பூண்டை நான் ஒரே சட்டியில் பார்த்ததே இல்லை.

சரியாகப் பன்னிரண்டரைக்குக் கதவு தட்டப்பட்டது. செல்வம் அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். கம்பி கட்டும் வேலையில் ஃபோர்மன், இருபத்திரண்டு வருடமாகத் தொழிலாளர் கேம்ப் வாழ்க்கை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கிலோ ஆப்பிள். பின்னால் செந்தில், முகம் வெளிறியிருந்தது.

"வாங்க அண்ணா," என்றாள் ஷெரில். பழகி வைத்திருந்த ஒரே தமிழ். அடுத்த நிமிடம் அவர் மடியில் ஒரு கிண்ணம் பூண்டையும் ஒரு சின்னக் கத்தியையும் வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு மூத்தவர். தண்ணீர்கூட இன்னும் கொடுக்கவில்லை. நான் பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கினேன்.

"அண்ணை, நீங்கள் விடுங்கோ. அவவுக்கு எங்கட முறை தெரியாது. நான் உரிக்கிறன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "குடும்மா இங்க," என்றார். குரலில் கோபமா, சலிப்பா, தெரியவில்லை. கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் பூண்டு உரித்தார். செந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவப் போனபோது, "நீ போயி கீரைய அலசு," என்றார். அவ்வளவுதான். டீச்சர்மார் ஆங்கிலத்தில் கதை சொல்லிச் சிரித்தார்கள், அவர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. ஷெரிலை எனக்குப் பிடிக்கும். ஜூனில் அவளை விமானம் ஏற்றிவிட என்னால் முடியாது.

இரண்டு இருபதுக்கு இலை போட்டார்கள். நுனி வலப்பக்கம் வைத்தாள் ஒருத்தி, ஓடிப்போய்த் திருப்பினேன். எல்லாரும் சேர்ந்துதான் உட்கார வேண்டும் என்றார்கள், உட்கார்ந்தோம். சாப்பாடு, உண்மையைச் சொல்லவேண்டுமே, அருமை. பூசணி வெண்ணெய் மாதிரி கரைந்தது. அந்தச் சீனி போட்ட மாங்காயை நான் மூன்று தரம் வாங்கினேன். அண்ணன் இரண்டு தரம் வாங்கினார். அவர் இலையை எந்தப் பக்கம் மடிக்கிறார் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாமென்று கண் வைத்துக் காத்திருந்தேன். அவர் கையை எடுத்ததுதான் தாமதம், ஒரு டீச்சர் இலையைச் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுவிட்டாள். இவர்களோடு என்னதான் செய்வது?

கேம்ப் பஸ் நாலு மணிக்கு. மூன்றேகாலுக்கு எழுந்தார். ஷெரில் அவருடைய கேம்ப் அறையில் இருக்கும் பதினோரு பேருக்கும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் கட்டிக் கொடுத்தாள். "எதுக்கு இவ்வளவு," என்றார். ஆனால் வாங்கிக்கொண்டார். "வர்றேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் ஷெரிலை நன்றாகத் திட்டினேன். "அவர் ஆள் நல்லவர், பூண்டை நசுக்காமல் உரிக்கிறார்" என்று பதில் சொன்னாள்.

விமான நிலையத்துக்கு ஐந்தரைக்கே வந்துவிட்டேன். ஏழு ஐம்பது விமானம் மறுபடி தாமதம். அந்தக் கடுப்பில் உட்கார்ந்து உங்களுக்காகக் குறித்தவை: துபாய் ரெசிடென்சி இருந்தாலும் உங்கள் விசாவில் என்ன வேலை எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டே பஹ்ரைன் விசாவுக்குக் கட்டுங்கள், எல்லா வேலைக்காரர்களுக்கும் கொடுப்பதில்லை, கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும். டாக்ஸியில் ஏறுமுன் மீட்டர் பேசுங்கள். டிரினிடாட் வீட்டில் கூப்பிட்டால் பசியோடு போகாதீர்கள், சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சோறு. நல்ல உடுப்புப் போட்டுப் போகவேண்டாம், என் சேலையில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

ஏழரைக்குச் செந்தில் அழைத்தான்.

"அக்கா, அண்ணன் அம்மாகிட்ட பேசிட்டான்."

"என்னவாம்? கெதியாச் சொல்லு."

"பொண்ணு எப்படிடான்னு அம்மா கேட்டாங்க. இவன், 'வேலை வாங்குறாம்மா'ன்னான்."

எனக்கு உயிரே போயிற்று. "பிறகு?"

"அம்மா, 'உன்னையா?'ன்னு கேட்டாங்க. 'ஆமாம்மா, ஒரு கிண்ணம் பூண்டு உரிச்சேன்'ன்னான். அம்மா சிரிச்சாங்க அக்கா. 'அப்ப சரி, பேசி முடி'ன்னுட்டாங்க."

கேட்டில் எல்லாருக்கும் முன்னால் நான் அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, அண்ணன் வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"உங்களப் பத்திதான் அக்கா. இருபத்திரண்டு வருசத்துல ஒரு வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சு வேலை குடுத்தது அவ ஒருத்திதான், அதையும் அந்த யாழ்ப்பாணத்துத் தங்கச்சி பிடுங்கப் பாத்துச்சுன்னு சொன்னான்."