பன்னிரண்டாவது ஹார்ட்

புகார்கள்

ஹார்ட் பட்டனை மாற்றிய ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் என் இன்பாக்ஸில் நாற்பது புகார்கள் வந்துவிட்டன. எல்லாம் ஒரே ரகம். "ஹார்ட் அமுக்கினா செவப்பாக மாட்டேங்குது." "நான் போட்ட ஹார்ட் எங்க போச்சு?" "என் கமெண்டுக்கு மட்டும் வேணும்னே ஹார்ட்ட தூக்கிட்டீங்களா?" கடைசியாகக் கேட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு ஹார்ட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போவேன் என்கிற தோரணையில் எழுதியிருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவிலேயே அது யாருக்கும் விளங்கவில்லை. பால் ஊற்றுகிற அம்மா இன்றைக்கும் கேட்கிறார், "இன்னா கற்பகம், போன நோண்டறதுக்கு சம்பளம் குடுக்கறாங்களாமே, நெசமா?"

நெசம்தான். ஒவ்வொரு ஞாயிறு காலையும் மெயிலில் போகிற ஒரு தமிழ்க் கடிதத்துக்கு நான் கம்யூனிட்டி சப்போர்ட். ஒற்றை ஆளுக்குச் சமைப்பது எப்படி என்பதுதான் கடிதத்தின் விஷயம். அரை டம்ளர் அரிசியில் பொங்கல் வைப்பது, உடைத்த தேங்காயின் மிச்ச மூடியை என்ன செய்வது, ஒரே ஒரு கத்தரிக்காயில் என்ன செய்யலாம், இப்படி. கடிதத்தின் கீழே வாசகர்கள் கமெண்ட் போடுவார்கள். ஒவ்வொரு கமெண்டுக்கும் ஒரு ஹார்ட் பட்டன் உண்டு. ஹார்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணின் மேல் விரலை வைத்தால் யார் யார் போட்டார்கள் என்று பெயர் வரும்.

ஆபீஸ் சென்னையில். இதுவரை இரண்டு முறைதான் போயிருக்கிறேன். மற்றபடி பாகூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப். அதற்கு முன்னால் வில்லியனூரில் ஒரு டிடிபி கடையில் பதினெட்டு வருஷம். கடையை மூடினார்கள், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள், இந்த வேலை வந்தது. ஒற்றை ஆள் சமையலுக்கு என்னைவிடத் தகுதியான ஆள் யார் இருக்கிறார்கள்?

பதில் எழுதும்போது என் பெயரைப் போடக் கூடாது. "கடிதக் குழு" என்றுதான் போட வேண்டும். நான் ஒருத்திதான் அந்தக் குழு. இதை முதல் மாதம் வேடிக்கையாக நினைத்தேன். அப்புறம் அப்படித் தோன்றவில்லை.

என் தவறு

புகார்களுக்கு மேனேஜர் ஒரு டெம்ப்ளேட் கொடுத்திருந்தார். "தங்கள் பொறுமைக்கு நன்றி. உங்கள் பிரவுசரின் கேச்சை க்ளியர் செய்துவிட்டு மீண்டும் முயலவும்." அவர் போனில் சொன்னார்:

"கற்பகம் மேடம், ஒவ்வொருத்தருக்கும் கதை எழுதிட்டிருக்காதீங்க. டெம்ப்ளேட்ட அனுப்பிட்டு டிக்கெட்ட க்ளோஸ் பண்ணுங்க. ஹார்ட்டு வரலேன்னா சாப்பாடு எறங்காதா இவங்களுக்கு?"

நானும் சிரித்தேன். அதுவும் என் தவறுதான்.

மூன்றாவது வாரம் ஃபிலோமினா அக்காவிடமிருந்து ஒரு மெயில். சோரியாங்குப்பத்துக்காரர். ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இதெல்லாம் அவர் கமெண்டிலேயே சொன்னது. கடிதம் வந்த பத்தாவது நிமிஷம் முதல் கமெண்ட் அவருடையதாக இருக்கும். "கருவாடு ரெண்டே துண்டு. கொழம்பு நாளைக்கும் வரும், நாளான்னிக்கும் வரும். திங்கறதுக்குத்தான் ஆளு இல்ல" என்று எழுதுவார். அதற்குக் கீழே ஹார்ட் குவியும். பாகூரிலிருந்து சோரியாங்குப்பம் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். நானும் பக்கத்தில்தான் இருக்கிறேன் அக்கா என்று எழுத எத்தனையோ தடவை கை துறுதுறுத்திருக்கிறது. குழுவுக்கு ஏது ஊர்? எழுதவில்லை.

மெயில் இதுதான்: "என் கமெண்டுக்கு ஹார்ட்டு பதினொன்னு காட்டுது. பன்னெண்டு வரணும். ஒன்னு கொறையுது. மூணு வாரமா இப்பிடித்தான். கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

எனக்கு வந்ததே கோபம். பதினொன்று விழுந்திருக்கிறது, ஒன்றுக்குக் கணக்குக் கேட்கிறாரே, ஒன்றுகூட வராதவர்கள் சும்மா இருக்கிறார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே டெம்ப்ளேட்டைத் தட்டிவிட்டேன். கேச்சை க்ளியர் செய்யவும்.

மறுநாள் பதில் வந்தது. "பக்கத்து வூட்டு புள்ளகிட்ட குடுத்து செஞ்சேன். அப்பவும் வரல. சரிம்மா, வுடுங்க."

வுடுங்க என்றாரே என்று நானும் விட்டேன். அந்தப் புகாரின் டிக்கெட்டில் "தீர்ந்தது" என்று போட்டு மூடினேன்.

ஐந்து வாரம்

அதற்குப் பிறகு ஃபிலோமினா அக்கா கமெண்ட் போடவில்லை. முதல் வாரம் உடம்பு சரியில்லை போல என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் உறுத்தியது. ஞாயிறு காலையில் கடிதம் போனதும் காபியை வைத்துக்கொண்டு அவர் கமெண்டுக்காகக் காத்திருப்பது எனக்கே தெரியாமல் என் பழக்கமாகியிருந்தது. முகம் தெரியாத ஒரு மனுஷி எழுதவில்லை என்று நான் சமைக்காமல் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் வேறொரு வாசகியிடமிருந்து மெயில். பெயர் ஜெனி. அவர் எங்கேயும் கமெண்ட் போட்டதே இல்லை.

"சோரியாங்குப்பம் ஃபிலோமினான்னு ஒருத்தங்க எழுதுவாங்க. இப்ப காணோம். நல்லா இருக்காங்களா? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா? நான் கேட்டதா அவங்ககிட்ட சொல்ல வேணாம், ப்ளீஸ்."

யாரோ ரசிகை, என்னைப் போலவே காத்திருக்கிற ஆள் என்று நினைத்தேன்.

அதே வாரம்தான் டெவலப்பர் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"மேடம், ஹார்ட்டு மொத அமுக்குலயே சர்வர்ல விழுந்துடுது. ஆனா ஸ்க்ரீன்ல செவப்பு காட்ட மாட்டேங்குது. விழலேன்னு நெனச்சு ஆளுங்க மறுபடி அமுக்கறாங்க. ரெண்டாவது அமுக்குனா கேன்சல்!"

கரண்ட் போன நேரத்தில் லைட் ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் ஆனில் விட்டோமா ஆஃபில் விட்டோமா என்று தெரியாமல் போகுமே, அந்தக் கதைதான். போகிற போக்கில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனவர்களின் ஹார்ட்டெல்லாம் அப்படியே பதிந்துவிட்டது. விழுந்ததா விழுந்ததா என்று நின்று பார்த்தவர்களுடையதுதான் அழிந்திருக்கிறது. அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

லாகை அனுப்பச் சொன்னேன். யார், எந்தக் கமெண்டில், எத்தனை தடவை அமுக்கினார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். ஃபிலோமினா அக்காவின் கடைசி மூன்று கமெண்டையும் தேடினேன். மூன்றிலும் ஒரே பெயர்தான் அழிந்திருந்தது. ஜெனி. முதல் வாரம் இரண்டு தடவை. அடுத்த வாரம் நான்கு. மூன்றாம் வாரம் ஆறு.

மேனேஜரிடம் சொன்னேன். "அழிஞ்ச ஹார்ட்ட திருப்பிப் போட முடியாது மேடம். செவ்வாய்க்கிழம ஃபிக்ஸ் போயிடும், அதோட விடுங்க. யார் எத்தன தடவ அமுக்குனாங்கன்றது இன்டர்னல் டேட்டா. அதெல்லாம் வாசகர்கிட்ட சொல்லக் கூடாது" என்றார்.

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். விதிமுறைப்படி தப்புதான். இதைப் படிக்கிறவர்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

சோரியாங்குப்பம்

மாதா கோயிலுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் கேட்டேன். வீட்டைக் காட்டினார்கள். க்ரில் கதவுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

"யாரும்மா?"

"நான் கற்பகம். பாகூரு. ஞாயித்துக்கெழம கடிதம் வருதுல்ல, அதுல பதில் போடற ஆளு நான்தாங்க்கா."

"குழுன்னு போட்டிருக்குமே, அதுவா? ஒரு பத்து பேரு இருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நான் ஒருத்திதான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாகூருலயா கெடக்குற, இத்தினி நாளா? நல்லா கெடந்த போ. உள்ள வா."

தண்ணீர் கொடுத்தார். பட்டன் கோளாறை விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே வெங்காயம் உரித்தார். காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. நான் முடித்ததும் நிமிராமலே கேட்டார்.

"அமுக்குனவங்க பேரு உனக்குத் தெரியுமா? ஜெனின்னு ஒரு பேரு இருக்குதா?"

"இருக்குதுக்கா. மூணு வாரமும் இருக்குது. மொத வாரம் ரெண்டு வாட்டி, அப்புறம் நாலு வாட்டி. கடைசியா ஆறு வாட்டி அமுக்கியிருக்காங்க."

"ஆறா?"

கத்தியைக் கீழே வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றார். அப்புறம், "எம் பொண்ணும்மா" என்றார்.

பெங்களூரில் நர்ஸ். தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அம்மா போகவில்லை. "எம் மூஞ்சில முழிக்காதன்னு சொல்லிட்டேன். அவளும் ரோஷக்காரி, முழிக்கல. மூணு வருஷமாச்சு. போன் கெடயாது, ஒன்னும் கெடயாது. இந்தக் கடிதத்த எம் போன்ல போட்டுக் குடுத்ததே அவதான், சண்டைக்கு முன்னாடி. ஒழுங்கா ஆக்கித் தின்னுன்னு. ஒருநாளு சும்மா ரெண்டு வரி எழுதினேன். ஒரு ஹார்ட்டு வந்துச்சு. விரல வெச்சுப் பாத்தா ஜெனி! அதுலேந்து வாராவாரம் எழுதறேன். அவ ஹார்ட்டு வந்துட்டா, ஆங், நல்லா இருக்கான்னு நெனச்சிக்குவேன். மத்தவங்க போட்டா இன்னா, போடலேன்னா இன்னா?"

நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

"அது நின்னுபோச்சு. சரி, என்னை ஒரேடியா வுட்டுட்டா போலன்னுதான் ஒனக்கு எழுதினேன். நீ கேச்ச க்ளியர் பண்ணுன்ன."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. மன்னிச்சிருங்கக்கா என்றேன். ஜெனி எழுதிய மெயில் என் பையில் போனுக்குள் இருந்தது. சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தாளே. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். "அக்கா, இப்பவே ஒரு போன் போடுங்களேன்" என்று மட்டும் சொன்னேன்.

"அய்ய, வேணாம். வாயத் தொறந்தா நானும் சும்மா இருக்க மாட்டேன், அவளும் சும்மா இருக்க மாட்டா. மறுபடி சண்டதான். இரு, எழுதறேன்."

போனை எடுத்து, அன்று காலை வந்த கடிதத்தின் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கமெண்ட் எழுதினார். "நல்லாத்தான் இருக்கேன். இன்னிக்கு வெங்காய சாம்பார். ரெண்டு பேருக்கு." என்னைப் பார்த்து, "இருந்து சாப்ட்டுட்டுப் போ" என்றார்.

இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ரிஃப்ரெஷ் செய்தேன். ஒன்றுமில்லை. மறுபடி செய்தேன். ஹார்ட் ஒன்று. விரலை வைத்தால் ஜெனி. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி ரிஃப்ரெஷ் செய்தால் ஹார்ட் இல்லை.

"போச்சா?"

"இருங்க. அவங்களுக்கு செவப்பு காட்டியிருக்காது. மறுபடி அமுக்குவாங்க."

ஒன்று. மறுபடி இல்லை. மறுபடி ஒன்று. பெங்களூரில் ஒருத்தி விழுந்ததா விழுந்ததா என்று அமுக்கிக்கொண்டே இருந்தாள். இங்கே அவள் அம்மா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். "அமுக்கறா பாரு. பைத்தியம், அமுக்கறா பாரு" என்று சிரித்தார். கண்ணைத் துடைக்கவும் இல்லை, வெங்காயம் என்று சொல்லவும் இல்லை.

கற்றது

சொன்னபடி செவ்வாய்க்கிழமை பட்டன் சரியானது. நான் டெம்ப்ளேட்டை மாற்றச் சொல்லி மேனேஜரோடு சண்டை போட்டேன், மாற்றினார். ஹார்ட் வரவில்லை என்று யாராவது எழுதினால் இப்போது நாங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: யாருடைய ஹார்ட்டைத் தேடுகிறீர்கள்? பாதிப் பேர் ஒரு பெயர் சொல்கிறார்கள். நான் கற்றது இவ்வளவுதான். எண்ணிக்கையைப் பற்றிய புகார் என்று நாம் மூடி வைக்கிற பலதும் ஒரு ஆளைப் பற்றியதாக இருக்கும்.

அடுத்த வாரம் ஃபிலோமினா அக்காவிடமிருந்து இன்னொரு மெயில் வந்தது.

"பட்டன ரிப்பேர் பண்ணிட்டீங்களாமே. பழசே நல்லா இருந்துச்சு. இப்ப ஒரே ஒரு வாட்டி அமுக்கிட்டுப் போயிடறா."

படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மேசையில் எனக்கு மட்டும் வைத்த சோறு ஆறிக் கிடந்தது. "எனக்கு அந்த ஒரு வாட்டிகூட யாரும் அமுக்கறதில்லக்கா" என்று டைப் அடித்தேன். அழித்துவிடலாம் என்று கை போனது. அழிக்கவில்லை. கீழே கடிதக் குழு என்று இருந்ததை எடுத்துவிட்டு, கற்பகம், பாகூர் என்று போட்டு அனுப்பினேன்.