கிணற்றின் மேல் நின்ற கிரேன்

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், வயலாக இருந்த நிலத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினேன். கிரேனின் நீண்ட கை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கத்துத் தரையில் ஊன்றிய இரும்புக் கால்தான் பாரத்தைத் தாங்கும்.

அன்று நான் கால்களை ஊன்றும்போது, மண் சுமக்கும் கன்னியம்மா ஓடி வந்தாள்.

"அண்ணே, அங்க கால வெக்காதீங்க. அடியில எங்க கெணறு கீது. மண்ணக் கொட்டித் தூத்துட்டாங்க."

"உன் வேலையப் பாத்துக்கினு போம்மா," என்று சொல்லி, அந்த இடத்திலேயே ஊன்றினேன்.

கூரைக்கான இரும்புச் சட்டத்தை மேலே தூக்கி, கிரேனின் கையை அந்தக் கால் இருந்த பக்கம் திருப்பினேன். என் இருக்கை லேசாகச் சரிந்தது. புது மண் சற்று அமுங்குவது சகஜம்தான். ஆனால் கிணறு என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. கீழே நான்கு பேர் நின்றிருந்தார்கள். பதறி வேகமாக இறக்கினால் வண்டியே கவிழும். கத்தி அவர்களை விலக்கிவிட்டு, சட்டத்தை அங்குலம் அங்குலமாக இறக்கினேன். அதற்குள் இரும்புக் கால் முழங்கால் ஆழம் புதைந்திருந்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "கால் எறங்குதுன்னு எப்டிய்யா கரெக்டா கண்டுபுடிச்ச?"

"அனுபவம் சார்."

பக்கத்தில் நின்ற கன்னியம்மா என்னைப் பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதன்பின் எங்கே கால் ஊன்றினாலும், முன்பு இங்கே என்ன இருந்தது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் இருந்ததில்லை. அதையும் என் அனுபவம் என்றுதான் எல்லோரும் பாராட்டுகிறார்கள்.