காளியாயி கூப்பிட்ட நாய்கள்

நானுஓயாவுக்கு மேலே ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் நாய்க்குத் தையல் போடத் தெரிந்த ஒரே ஆள் காளியாயி. அவள் டாக்டரும் இல்லை, டிஸ்பென்சரியில் வேலை பார்த்தவளும் இல்லை. கொழுந்து பறிக்கிறவள். அவள் புருஷன் சிவசாமி பெரிய துரையின் பங்களாவில் நாய்க்காரன். பதினோரு வேட்டை நாய்களைக் குளிப்பாட்டி, உண்ணி பிடுங்கி, பெரிய இரும்புச் சட்டியில் இறைச்சியும் அரிசியும் சேர்த்து வேகவைத்துப் போடுவது அவன் வேலை.

மரை என்ற பெரிய காட்டு மானைத் துரை துப்பாக்கியால் சுடமாட்டார். சுடுவது கோழைத்தனம் என்பார். நாய்களை ஏவி மலை மலையாக விரட்ட வேண்டும். ஓடிக் களைத்த மரை, எந்த மரையானாலும், கடைசியில் தண்ணீரைத் தேடி இறங்கும். கழுத்தளவு தண்ணீரில் அது நிற்க, நாய்கள் சுற்றி வளைத்துக்கொள்ள, துரை இறங்கிப் போய் இடுப்புக் கத்தியால் குத்துவார். இதுதான் வீரம் என்று பங்களாச் சுவரில் வரிசையாகக் கொம்புகள் மாட்டியிருந்தார்.

ஆனால் சாகப்போகிற மரையும் சும்மா நிற்காது. உதைக்கும், முட்டும். நாற்பத்தொன்பதாம் வருஷம் ராணி என்ற பெட்டை நாய்க்கு வயிற்றுத் தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. "பொழுது சாய்றதுக்குள்ளே எழும்பலேன்னா சொல்லு, சுட்டுப்போடறேன்" என்று சொல்லிவிட்டுத் துரை தேநீர் குடிக்கப் போய்விட்டார். சிவசாமி அதைச் சாக்கில் சுற்றி ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தூக்கிவந்தான். காளியாயி ஊசியையும் நூலையும் உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்தாள். சிவசாமி நாயின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் தைத்து முடித்து மஞ்சளை அப்பினாள். பன்னிரண்டு நாள் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவிலேயே கிடந்த ராணி பதின்மூன்றாம் நாள் எழுந்து வாலாட்டியது.

துரை கேள்விப்பட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு அடிபட்ட நாய்கள் எல்லாம் காளியாயியிடம்தான் வந்தன. அவளுக்கு அதில் பெருமையும் இருந்தது. ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், மிச்சச் சோற்றை உருட்டிக் கொடுப்பாள். காயத்தைப் பார்க்கும்போதெல்லாம் மரையைத்தான் திட்டுவாள். உயிரோடு ஒரு மரையை அவள் அதுவரை பார்த்ததில்லை. வேட்டை முடிந்த மறுநாள் லயத்துக்கு வரும் பங்குக்கறியாகத்தான் அவளுக்கு மரையைத் தெரியும். எல்லாரையும் போல அவளும் தின்றாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம் ஒரு நாள் காலை. இராத்திரி பெய்த பனியில் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. ஆற்றோரத்து மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே காட்டில் நாய்கள் குரைக்கும் சத்தம். சற்று நேரத்தில் தேயிலைச் செடிகளைப் பிளந்துகொண்டு மரை ஒன்று ஓடிவந்தது. அதன் பின்னால் நாய்கள். நாய்களுக்குப் பின்னால் துரையும் விருந்தாளிகளும் ஆட்களும். செடிகள் முறிந்தன. ஒரு வாது ஒடிந்தாலும் வாய்க்கு வந்தபடி ஏசுகிற கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

மரை காளியாயியைத் தாண்டித்தான் ஓடியது. கொம்பு இல்லை. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது.

"அடி ஆத்தே, சென மரைடீ" என்றாள் பக்கத்து நிரையில் நின்ற வீரம்மா.

மரை ஆற்று மடுவில் இறங்கி நடுவில் நின்றது. நாய்கள் பாய்ந்து சுற்றிக்கொண்டன. துரை கரைக்கு வந்தார், கத்தியை உருவினார், ஆனால் இறங்கவில்லை. நுவரெலியாவில் இருந்து வரவேண்டிய கார் இன்னும் வரவில்லையாம். அதில்தான் கேமரா இருக்கிறதாம். வெள்ளைக்காரிகள் இரண்டு பேர் கரையில் துண்டு விரித்து உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்து ஊற்றிக் குடித்தார்கள். ஒருவர் சிகரெட் பற்றவைத்தார். மரை தண்ணீருக்குள் நடுங்கிக்கொண்டே நின்றது. கரையேறப் பார்த்தால் நாய்கள் முகத்தைக் கடித்துத் திருப்பின. குளிர் தாங்காமல் ஏதாவது ஒரு நாய் கரைக்கு வந்தால், "உள்ளே போடு!" என்று துரை கத்தினார். சிவசாமி அதைத் தூக்கி மறுபடியும் தண்ணீரில் போட்டான்.

காளியாயி கூடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கால் மணி, அரை மணி ஆனது. ராணிக்கு வயசாகிவிட்டது. மூன்றாம் தடவை சிவசாமி அதைத் தூக்கிப் போட்டபோது மரையின் உதை நேராக அதன் நெஞ்சில் விழுந்தது. முங்கி எழுந்து மறுபடியும் முங்கியது. கரையில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

காளியாயி கூடையைக் கழற்றி வீசினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இழுத்துச் செருகிக்கொண்டு மலையில் இருந்து ஓடினாள். வீரம்மா பின்னால் கூப்பிட்டது அவள் காதில் ஏறவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ராணியின் கழுத்தைப் பிடித்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மேசர்! டிங்கர்! வாடா இங்க! பொப்பி, வா! வாங்கடா, சாமிகளா!"

நாய்கள் திரும்பிப் பார்த்தன. முதலில் டிங்கர் வந்தது. பிறகு பொப்பி. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக எல்லாமே மரையை விட்டுவிட்டு அவளைத் தேடி நீந்திவந்தன. துரை விசில் ஊதினார், மறுபடியும் ஊதினார். எந்த நாயும் காதைக்கூட அசைக்கவில்லை. மரை எதிர்க்கரையில் முட்டி மோதி ஏறியது, ஒரு கணம் முழங்காலில் விழுந்தது, எழுந்தது, மானாப்புல்லுக்குள் போய் மறைந்தது.

துரையின் முகம் செக்கச் சிவந்துபோயிருந்தது.

"யார் சொல்லி நீ நாயைக் கூப்பிட்டது?"

"என் கையால தச்ச நாய்ங்க, தொரை. நான் கூப்பிட்டா வரும்."

"அது என் நாய்!"

"ஒங்க நாய்ன்னா நீங்க தண்ணிக்குள்ள எறங்குங்க. வயித்துப் புள்ளைக்காரியப் படம் புடிக்க வெறைக்க வெறைக்க நிறுத்தி வச்சிருக்கீங்களே, ஒங்க வீட்டுல பொம்பளைங்க இல்லையா?"

அந்த வெள்ளைக்காரிகளில் ஒருத்திக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்போல. துண்டை மடித்துக்கொண்டு எழுந்து ரோட்டை நோக்கி நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் காளியாயிக்கு வேலை இல்லை என்றார்கள். அடுத்த நாளும் இல்லை. லயத்தில் ஆளுக்கு ஆள் பேச்சு. குழாயடியில் பொன்னையாவின் பெண்சாதி அவள் காதில் விழவே சொன்னாள்: "இவளால கறியும் போச்சு, தொரைக்கிட்ட நல்ல பேரும் போச்சு." சிவசாமி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வாயைத் திறந்தான்.

"ஒரு மரைக்காக என் வேலைக்கும் ஒல வச்சிட்டியே."

"மரைக்காகவும்தான். ராணிய மூணு வாட்டி தூக்கிப் போட்டீங்களே, ஒங்களுக்குக் கை வலிக்கலையாங்க?"

அன்று மத்தியானம் பங்களாவில் இருந்து அவனைக் கூப்பிட்டு ஆள் வந்தது. போனவன் சாயந்தரம் திரும்பி வாசல் படியில் அப்படியே குந்திவிட்டான். கை முழுக்க மண். துரை ராணியையும், அன்று முதலில் அவளிடம் வந்த டிங்கரையும் பொப்பியையும் சுட்டுவிட்டார். கூலிக்காரியின் சத்தத்துக்கு வேட்டையை விட்டு ஓடிவரும் நாய் தனக்கு எதற்கு என்று கேட்டாராம். சங்கிலியைச் சிவசாமிதான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குழியையும் அவன்தான் வெட்டினான்.

"அதுங்க என்னைத்தான் பாத்துச்சு, காளி" என்றான். "சோறு போடப் போறேன்னு நெனச்சிருக்கும்."

காளியாயி அழவில்லை. அழுகை வரவில்லை. கூப்பிட்டவள் நான், குண்டு அதுகளுக்கா? பேர் சொன்னதும் வந்ததுதானே அதுகள் செய்த குற்றம்? நான்கு வருஷமாகக் கிழிந்ததை எல்லாம் தைத்துத் தைத்து மறுபடியும் கிழிபட அனுப்பினேனே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சிவசாமி மறுநாள் பங்களாவுக்குப் போகவில்லை. செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். அதன் பிறகு நாய்க்கூட்டுப் பக்கம் அவன் எட்டிப்பார்க்கவே இல்லை.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கம் மனு எழுத வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் விஷயம் அவருக்கு இடித்தது.

"காரணம் சொல்லாம வேல நிறுத்தினதா எழுதுவோம்மா. மரைக் கதைய விட்ருங்க. சங்கத்துல மரைக்குச் சந்தாச் சீட்டு இல்லையே."

"காரணம்தான் எல்லாருக்கும் தெரியுதே தலைவரே. நடந்தத எழுதுறதுக்கு என்ன பயம்?"

"பயம் இல்லம்மா. சிரிப்பாங்க."

"கரையில நின்னுகிட்டு ஏற்கெனவே சிரிச்சாங்க. இன்னொருக்கா சிரிக்கட்டும்."

இதற்கு இடையில் கணக்கப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். ஆற்றோரத்து மலையில் வேட்டைக் கூட்டம் முறித்த செடிகளை எல்லாம் கொழுந்து எடுத்த பெண்கள் கவனக்குறைவாக முறித்தார்கள் என்று எழுதி வைத்தார். அதுவரை கறிக்காக முனகிக்கொண்டிருந்தவர்களுக்கும் அப்போதுதான் சுருக்கென்றது. வீரம்மா பதினேழு பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். மரைக்காக யாரும் வரவில்லை என்பது காளியாயிக்குத் தெரியும். ஆனாலும் வந்தார்கள்.

விசாரணை ஆபீசில் நடந்தது. மலையில் தமிழில் ஏசுகிற துரை ஆபீசுக்குள் இங்கிலீஷ்தான் பேசுவார். பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி மொழிபெயர்த்தார்.

"மரைக்கு ஓடித் தப்பிக்க சந்தர்ப்பம் குடுக்கிறோம், அதுதான் விளையாட்டு, அதுல நேர்மை இருக்குன்னு தொரை சொல்றாரு. நீ மன்னிப்புக் கேட்டா நாளைக்கே வேலை தர்றாராம்."

காளியாயி கையைக் கட்டவில்லை. "வெளையாட்டுன்னா ரெண்டு பக்கமும் வெளையாடணும்னு சம்மதிக்கணும் ஐயா. அந்த மரைக்கிட்ட யாரு கேட்டா? பதினோரு நாயி, ஆறு ஆளு, ஒரு கத்தி. எதிர்த்தாப்புல வயித்துச் சுமையோட ஒத்த உசிரு. இதுல எங்க இருக்கு நேர்மை? பசிக்காகவும் கொல்லல. நாங்க தின்னோமே, அது இவங்க சொவத்துல மாட்டினதுக்கு அப்புறம் மிஞ்சினது. நாய நம்ப வச்சாரு, நம்பின நாயச் சுட்டாரு. இதையும் சேத்துச் சொல்லுங்க."

கணேசமூர்த்தி இரண்டே வார்த்தையில் ஏதோ சொன்னார்.

"நான் இவ்வளவு பேசினேன், நீங்க அவ்வளவுதான் சொன்னீங்க" என்றாள் காளியாயி. "முழுசாச் சொல்லுங்க ஐயா."

கிளாக்கருக்கு வேர்த்தது. அவர் மெதுவாக முழுவதையும் சொன்னார். துரை மேசை மேலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

செடி முறிந்த விஷயத்தில் பதினேழு சாட்சிகள் நின்றதால் துரையால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை. ஹட்டனில் இருந்து சங்கப் பிரதிநிதியும் வந்து பேசினார். பத்தொன்பதாம் நாள் காளியாயி மறுபடியும் மலையேறினாள். மனுவின் கடைசியில் முத்துலிங்கம் மரையைப் பற்றி ஒரு வரி எழுதித்தான் இருந்தார். ஆனால் பிரதிநிதி அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டாராம். தலைவர் தலையைக் குனிந்துகொண்டு அதை ஒப்புக்கொண்டார். அந்த வெற்றியை நினைத்துக் காளியாயி ஒரு நாளும் சந்தோஷப்படவில்லை.

துரை மிச்ச நாய்களைக் கொண்டு வேறு மலைகளில் வேட்டை நடத்தினார். ஐம்பத்தேழில் தன் சீமைக்கே போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்த துரை கொழும்புக்காரர், நாய் வளர்க்கவில்லை.

ஆனால் மரைக்கு விடிவு வரவில்லை. அறுபத்தொன்றில் லயத்து இளவட்டங்கள் காட்டுப் பாதையில் கம்பிச் சுருக்கு வைக்கப் பழகிக்கொண்டார்கள். முன்னால் நின்றவன் சிவசாமியின் தம்பி சின்னராசா. விறகுக்குப் போன காளியாயி ஒரு மரைக்குட்டியைக் கண்டாள். பின்னங்கால் கம்பியில் எலும்புவரை அறுந்து, இரண்டு நாளாகத் துடித்துத் துடித்துத் தரையெல்லாம் உழுதது போலக் கிடந்தது. உயிர் மட்டும் போகவில்லை. அவள் விறகுக் கத்தியால் அதை முடித்துவைத்தாள். அவள் கையால் கொன்ற ஒரே உயிர் அது.

நேராகச் சின்னராசாவின் காம்பராவுக்குப் போனாள்.

"நீ என்னடா, தொரைக்கு மிச்சமா?"

"தொரைக்கு வெளையாட்டு அண்ணி, நமக்குப் பசி. ரெண்டும் ஒண்ணா? புள்ளைங்களுக்கு வேற என்ன கறி வாங்கித் தர நமக்கு வக்கிருக்கு?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. பொய் இல்லாத கேள்வி. ஆனாலும் அவள் விடவில்லை.

"பசின்னா ஒரே வெட்டுல முடிடா. நான் குறுக்க வரல. சுருக்க வச்சிட்டு ரெண்டு நாளு எட்டிப் பாக்காம இருந்தியே, அது பசியா? சோம்பேறித்தனம்டா. ஒன் சோம்பேறித்தனத்துக்கு அது கால அறுத்துக்கிட்டுக் கெடக்கணுமா?"

சின்னராசா சுருக்கு வைப்பதை நிறுத்தவில்லை. பாதையை மட்டும் மாற்றிக்கொண்டான். காளியாயி ஞாயிற்றுக்கிழமைகளில் குறடு ஒன்றைச் சீலைக்குள் செருகிக்கொண்டு காடு காடாகத் தேடினாள். கண்ட கம்பியை எல்லாம் அறுத்தாள். சில ஞாயிறுகளில் சிவசாமியும் கூடப் போனான். அவனுக்கு மிருகத் தடம் பார்க்கத் தெரியும். அவள் கண்ணுக்குத் தப்பின சுருக்குகளை அவன்தான் கண்டுபிடித்தான்.

கொழுந்தனோடு நான்கு வருஷம் அவள் பேசவில்லை. அறுபத்தைந்தில் அவன் மகள் கல்யாணத்துக்கு வந்து அழைத்தான். போனாள். பந்தியில் உட்காருமுன் பக்கத்து இலையைப் பார்த்து, "கறி எங்கேருந்து வந்துச்சு?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டாள்.

"கடையில வாங்கின ஆட்டுக்கறி அண்ணி. சத்தியமா" என்றான் சின்னராசா.

காளியாயி பந்தியில் உட்கார்ந்து, சோறும் பருப்பும் மட்டும் போடச் சொன்னாள்.