எதிர்க்கடைக்கு வந்த போன்

கல்லுப்பட்டிக்கு வருகிற சேதி எதுவானாலும் முதலில் ரோஷன் பீ காதில்தான் விழும். கம்பைநல்லூரிலிருந்து அரூர் போகிற ரோட்டில், பஸ் நிற்கிற இடத்திலேயே அவளுடைய பொரிகடலைக் கடை. "மாரப்பன் சம்சாரத்தை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு, சொல்லிடுங்க" என்று கண்டக்டர் படியில் நின்றபடியே கத்திவிட்டுப் போவார். ரோஷன் பீ தராசை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். கல்யாணமோ சாவோ, அவள் வாயால் கேட்டால்தான் ஊருக்கு நம்பிக்கை. அதில் அவளுக்கு இருந்த பெருமை இருக்கிறதே, யப்பா, சொல்லி மாளாது.

எண்பத்தேழில் போன் வந்தது. பட்டணத்துக்காரர்களே பேசிக்கொண்டிருந்தால் போதுமா, கிராமத்து ஜனங்களும் சில்லறைக் காசில் பேசட்டும் என்று சர்க்கார் ஊர் ஊராகக் கம்பம் நட்ட காலம் அது. எந்தக் கடையில் வைக்கலாம் என்று பார்க்க வந்த அதிகாரிக்கு ரோஷன் பீ கலர் சோடா உடைத்துக் கொடுத்து உபசரித்தாள். போன் தனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். அவரோ, "நம்பர் படிக்கத் தெரியுமாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டார்.

தெரியாது. எதிர்க்கடை ஆரோக்கியம்மாளுக்குத் தெரியும். சர்ச் கொட்டகையில் முதியோர் கல்வி வகுப்பு நடந்தபோது சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். ரோஷன் பீயையும் கூப்பிடத்தான் செய்தாள். "பேரன் எடுத்த வயசுல எனக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்று இவள் சிரித்து அனுப்பிவிட்டாள். இப்போது போன் ஆரோக்கியம்மாளின் சோப்பு, சீப்புக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல். அங்கே மணி அடித்தால் இங்கே ரோஷன் பீக்கு நெஞ்சு காந்தும். அந்த லைனில் கத்திப் பேசினால்தான் மறுமுனைக்குக் கேட்கும். ஆரோக்கியம்மாள் கத்துகிற கத்தலில், சேதி உரியவனைப் போய்ச் சேருமுன் கடைவீதிக்கே தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகையில்கூட, அடுத்தவர் போன் என்பதற்கு அடையாளமாக 'பி.பி.' என்று போட்டு அவள் கடை நம்பரை அச்சடித்தார்கள். கண்டக்டர்கள் படியில் நின்று சும்மா விசில் ஊதிவிட்டுப் போனார்கள். "சிலேட்டு புடிச்சவ சீமாட்டி ஆயிட்டா பாரு" என்று ரோஷன் பீ ஈயிடம்கூடச் சொல்லிப் புலம்பினாள்.

மகள் அமீனாவுக்கு அப்போது ரெண்டாவது பிரசவம், கிருஷ்ணகிரியில் புருஷன் வீட்டில். மருமகன் அப்துல் ரஷீத் முதலாளி வீட்டு மாடியில் குடியிருந்தான். கீழே முதலாளிக்கு போன் இருந்தது. ரோஷன் பீ திட்டமாகச் சொல்லியிருந்தாள்: "எந்தச் சேதின்னாலும் கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பு. அவ கடைக்கு மட்டும் போன் போட்டுடாதே."

ஒரு மத்தியானம் ஆரோக்கியம்மாள் ஓட்டமாக ரோட்டைத் தாண்டி வந்தாள். "அக்கா, போன்ல..."

யாருக்கோ வந்த சேதியைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள வருகிறாள் என்றுதான் ரோஷன் பீ நினைத்தாள். "உன் போனு உன்னோட! என் வாசல்ல வந்து பீத்திக்காதே, போடி!"

"அட, ஒரு நிமிசம் கேளுங்கக்கா..."

"ஒண்ணும் கேக்க வேணாம். எனக்கு வர்றது பஸ்ஸுல வரும்!"

ஆரோக்கியம்மாளுக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? "பஸ்ஸுலயே வரட்டுங்க" என்று வெடுக்கெனத் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கியே வந்தார். "உங்க பொண்ணுக்குப் பொட்டப்புள்ள பொறந்திருக்குங்க. நேத்தே உங்க மருமகன் சொன்னாரு. பஸ்ஸு நடுவழியில நின்னுபோச்சு, வர முடியல."

அல்லா! ரோஷன் பீக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று, அவள் வாயால் ஊருக்கு ஒரு சேதி போய்! கை நிறையக் கல்கண்டை அள்ளிக்கொண்டு முதலில் பூக்காரி சாலம்மாளிடம் ஓடினாள்.

"பேத்தி பொறந்த சேதிதானே?" என்றாள் சாலம்மாள். "நேத்தே தெரியுமுங்க. 'பொட்டப்புள்ளயா!'ன்னு ஆரோக்கியம் போட்ட சத்தம் வீதிக்கே கேட்டுச்சே. நீங்க வாயே தொறக்கல. பொட்டப்புள்ளன்னு உங்களுக்கு வருத்தமாக்கும்னு நாங்களும் கேக்காம வுட்டுட்டோம்."

மாரப்பனுக்கும் தெரிந்திருந்தது. ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. பெற்றவளைப் பெற்றவளுக்குத்தான் தெரியவில்லை. ரோஷன் பீ நேராக எதிர்க்கடைக்குப் போய் நின்றாள்.

"கிருஷ்ணகிரிக்குப் போடு."

ஆரோக்கியம்மாள் நேற்றே கேட்டு எழுதி வைத்திருந்த முதலாளி வீட்டு நம்பரை எக்ஸ்சேஞ்சில் சொன்னாள். வெகுநேரம் காத்திருந்த பிறகு மருமகன் குரல் வந்தது.

"ஏன்யா, எனக்கு ஏன் சொல்லல?" என்று ரோஷன் பீ கத்தினாள்.

"மனசு கேக்காம நேத்தே போன் போட்டேன் மாமி. நீங்க அழுகைச் சத்தம் கேக்கணும்னு புள்ளயக் கீழ தூக்கியாந்து வெச்சிருந்தேன். நீங்க வரமாட்டேன்னுட்டீங்களாம். அந்த அக்காதான் கேட்டாங்க. நல்ல குரலுன்னு சொன்னாங்க."

ரோஷன் பீ தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஆரோக்கியம்மாள் சோப்புக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தன் ரத்தம் அழுத முதல் அழுகை இவள் காதில் போய் விழுந்திருக்கிறது.

"இப்ப புள்ளய தூக்கிட்டு வா."

"அசந்து தூங்குதுங்க மாமி."

"எழுப்புய்யா! எழுந்திரிக்கலன்னா கிள்ளி வுடு. இவ கேட்டுட்டா, நான் இன்னும் கேக்கல!"