தவிட்டுக்குக் கொடுத்த மகன்

திண்டிவனம் தாலுகா கச்சேரி வாசலில் ஒரு வரப்புத் தகராறு மனுவை எழுதிக்கொண்டிருந்தேன். விழுப்புரத்திலிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் குந்தி, "அஞ்சலைம்மா பூட்டாங்கய்யா. நேத்து காலைல எடுத்துட்டாங்க" என்றார். கையிலிருந்த மனுவை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். எழுதிப் பிழைப்பவனுக்கு அழுவதற்கும் முறை வரவேண்டும்.

விழுப்புரம் ஸ்டேஷன் சாலையில் அஞ்சலை அம்மாளிடம் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கித் தின்றவர்கள் இதைப் படிக்கக்கூடும். "கப்பல் ஏறப் போன கிழவி" என்று சிரித்தவர்களும் நீங்கள்தாம். அவர் ஏன் கப்பல் ஏறவில்லை என்று உங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் பங்கையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

அவருக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நான்காவது பிறந்ததும் நம் பக்கத்து வழக்கப்படி குப்பைமேட்டில் போட்டு எடுத்து, எதிர்வீட்டு முனியம்மாளுக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றார். பிறத்தியார் பிள்ளை என்றால் எமன் எட்டிப் பார்க்கமாட்டான் என்பது நம்பிக்கை. பெயரும் குப்புசாமி என்று வைத்தாயிற்று. பால் கொடுத்ததும் வளர்த்ததும் அஞ்சலை அம்மாள்தான். "என் பிள்ளை" என்று மட்டும் ஒருநாளும் அவர் வாயால் சொன்னதில்லை. பையன் பிழைத்தான். புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனுக்குக் கப்பலேறி, உத்தியோகம் பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்றுவிட்டான்.

அவனுக்குக் கடிதம் எழுத, அப்போது விழுப்புரத்தில் இருந்த என்னிடம்தான் வருவார். "முனியம்மா மவன் குப்புசாமிக்கு அஞ்சலை எழுதிக்கினதுன்னு போடு தம்பி" என்பார். நான் "அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொண்டது" என்று போடுவேன். படிக்கத் தெரியாத கிழவிக்குப் பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு.

பிறகு அவருக்குக் கால்கள் வீங்கின. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. தாயை வரவழைத்துச் சைகோன் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிறேன், எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று குப்புசாமி அங்கே மனுப் போட்டான். காகிதங்கள் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்துக்கு வந்தன. அவர் நேரில் போய் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். துணைக்கு நான் போனேன். ரயிலில் கேப்பை மாவு மூட்டையை மடியிலேயே வைத்திருந்தார். "அங்க கேப்பை கெடைக்காதாம்" என்றார்.

அதிகாரி வெள்ளைக்காரர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

"சைகோன்ல இருக்கிற குப்புசாமி நீங்க பெத்த புள்ளதானே?"

"இல்லீங்க. அவன் முனியம்மா புள்ள. நான் தவுட்டுக்கு வித்துட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார். அதிகாரியின் முகம் சுருங்கியது. நான் குறுக்கிட்டு வழக்கத்தை விளக்கப் பார்த்தேன். உம்மைக் கேட்கவில்லை என்றார்கள். பெற்றவள் அல்ல, பிள்ளையை விற்றவள் என்று குறித்துக்கொண்டு, மனுவைத் தள்ளிக் காகிதத்தைக் கட்டிவிட்டார்கள். கிழவியின் மூச்சிரைப்பு அந்த மேசைவரை கேட்டது. காதில் விழுவதையெல்லாம் அவர்கள் எழுதிக்கொள்வதில்லை.

வெளியே வந்து கத்திவிட்டேன். "ஒரு வார்த்த சொன்னா என்னம்மா கொறைஞ்சிடும்?"

அவர் சுவரோரம் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். "மூணு புள்ளைய என் புள்ள, என் புள்ளன்னு கொஞ்சித்தான் தம்பி பொதைச்சேன். இவன ஒரு தபா கூட சொல்லல. அதான் உசுரோட இருக்கான். நான் அவன பாக்காட்டி போவுது."

குப்புசாமி மறுபடி மனுப் போட்டான். அதற்குள் சண்டை வந்து கப்பல் நின்றது. ஜப்பான்காரன் சைகோனுக்குள் புகுந்தபின் கடிதமும் நின்றது. நான் பிழைப்புக்காகத் திண்டிவனம் வந்துவிட்டேன். விழுப்புரம் போகும்போதெல்லாம், "லெட்டர் வந்துச்சா தம்பி?" என்று கேட்பார். இல்லை என்றால் மல்லாட்டையை மடித்துக் கொடுப்பார்.

அந்த அலுவலகத்தைத் திட்டினேன். சண்டையைத் திட்டினேன். சில நாள் அவரையே திட்டியிருக்கிறேன். திட்ட வேண்டியது என்னை. அவர் சொன்னதைச் சொன்னபடி நான் எழுதியிருந்தால், அதிகாரி கேட்டால் அம்மா என்ன சொல்வாள் என்பது மகனுக்கு நினைவிருந்திருக்கும். தவிட்டுக் கதையை அவனே மனுவில் விளக்கியிருப்பான். அழகாக எழுதுகிறேன் என்று அந்த வழியை அடைத்தவன் நான்.

போன மாதம் கடைசியாகப் பார்த்தேன். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார்.

"பேப்பர் வெச்சிக்கினு இருக்கியா தம்பி? எழுது. குப்புசாமி என் புள்ள. நான் பெத்த புள்ள."

இப்போது மட்டும் சொல்லலாமா என்று கேட்டேன்.

"இப்ப சொல்லலாம். எமன் என் வாசலுக்கு வந்துட்டான். என்னத்தான் இட்டுக்கினு போவான். அவனாண்ட போவ மாட்டான். எழுது."

எழுதி, மை தடவி, பெருவிரல் ரேகை வாங்கினேன். அந்தக் காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள இப்போது எந்த அலுவலகமும் இல்லை. மகன் இருக்கிறானா என்றும் தெரியவில்லை. அஞ்சலை அம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதில் ஓர் எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை.