எந்தக் கொடியின் மீன்

இன்று காலை ஏழேகாலுக்குக் காலாப்பட்டுக் கடற்கரையில் என் மச்சான் அந்தோணி ஒரு சூரை மீன் வாங்கினார். அதைப் பிடித்தது எந்த நாட்டுப் படகு என்று யாரும் கேட்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக மொரிசியஸில் வாழ்ந்து, விடுப்பில் ஊருக்கு வந்திருக்கும் எனக்கு அதுவே விசித்திரமாக இருந்தது.

"அந்த மீன் டப்பா ஃபேக்டரில ஒனக்கு என்னதான் வேலை?" என்றார்.

"மீனு எந்த நாட்டுதுன்னு எழுதிக் குடுக்குறேன் மச்சான்."

"ஏன், மீனுக்கு வாய் இல்லியா?"

அவர் சிரித்ததில் தவறில்லை. ஐரோப்பாவோடு எங்கள் பகுதித் தீவுகள் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின்படி, ஆழ்கடலில் பிடித்த மீன் கப்பலின் கொடிக்கே சொந்தம். ஒப்பந்த நாட்டுக் கொடியானால் டப்பாவில் அடைத்த மீனுக்கு ஐரோப்பாவில் வரி இல்லை. வேறு கொடியானால் வரி உண்டு. அந்த விலைக்கு அங்கே வாங்க ஆள் இல்லை. அறுப்பதும் அவிப்பதும் அடைப்பதும் தீவுப் பெண்கள்தான். அவர்களின் கைகள் கணக்கில் வருவதில்லை. இதை எழுதிய கனவான்கள் ஒரு மீனுக்காவது செதில் எடுத்திருப்பார்களா?

சென்ற மாதம் ஒப்பந்தக் கொடிக் கப்பல் எங்களை விட்டுவிட்டு வேறு துறைமுகத்தில் மீனை விற்றது. முதலாளி வேறு கொடிக் கப்பலின் மீனை வாங்கி, சான்றிதழில் பழைய கப்பலின் பெயரையே எழுதச் சொன்னார். மறுத்தேன். மறுத்த நேரத்தையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன், பெரிய தியாகி போல. வரியில்லாமல் விற்க மீன் இல்லை என்று மறுநாள் இரண்டாம் ஷிப்டை நிறுத்தினார்கள்.

அதில் பதினோரு ஆண்டுகள் மீன் அறுத்தவள் லலிதா. முன்னோர் தமிழர், அவளுக்குத் தமிழ் தெரியாது. என் மேசைக்கு வந்து நின்றாள். வேலை இழந்தோர் உதவித்தொகைக்காக வந்தாள் என்று நினைத்து விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன். அதை ஒதுக்கிவிட்டு, தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டாள்.

"மிஸ்யே, நீங்கள் பிறந்த ஊர்?"

"புதுச்சேரி."

"பாஸ்போர்ட்?"

"பிரான்ஸ்."

"அந்த நாட்டைப் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் உங்களைப் பிடித்தது எந்தக் கப்பல்?"

பிரெஞ்சு ஆட்சி போனபின், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள என் அப்பா ஒரு தாளில் கையெழுத்திட்டார். அவ்வளவுதான் என் பிரான்ஸ். நீட்டிய விண்ணப்பத்தைத் திரும்ப இழுப்பறையில் வைத்தேன்.

ஷிப்ட் இனித் திறக்காது என்று நேற்றுச் செய்தி வந்தது. ஞாயிறன்று மொரிசியஸுக்குத் திரும்புகிறேன். விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றுதான் சொந்த ஊருக்கு வந்தேன். அங்கே இறங்கினாலும் அதே வரிசைதான். இரண்டு வரிசையிலும் என் காகிதங்கள் சரியாகவே இருக்கும்.