கை வுட்டுப்பூச்சு

டேப்பில் ஊரார் பேசியதை இருமல், தும்மல் விடாமல் டைப் அடிப்பதுதான் நம் பிழைப்பு. ஹெட்போன் மாட்டிக் காது புண்ணான சக ஜீவன்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

சும்மா இருந்ததுக்கும் கூலி

சுனாமிக்கு மறு வருஷம் கூடுவாஞ்சேரியில் அலையில் தப்பியவர்களின் பேட்டிகளை வைத்து நடந்த ஒரு மனோதத்துவ ஆராய்ச்சிக்கு டைப் அடிக்கப் போனேன். ஆள் என்ன சொன்னார் என்பதைவிட எப்படிச் சொன்னார் என்பதுதான் ஆராய்ச்சி நடத்திய மேடத்துக்கு முக்கியம். எதையும் திருத்தக் கூடாது, 'வூடு' வூடாகவே இருக்கணும். பேச்சு நின்றால் நின்ற நேரத்துக்குப் புள்ளி வைக்கணும். பக்கத்து சீட்டு கலா கேட்டாள்: "பேசாம இருந்ததையும் அடிக்கணுமா? எங்க வூட்டுக்காரரை இட்டுகினு வர்றேன், பக்கம் பக்கமா புள்ளி வெக்கலாம்."

கைமேல் பழி

அப்படி வந்த ஒரு கேசட்டில் புதுப்பட்டினத்து மீனவர் ஏழுமலை. அலையில் அவர் கையைப் பிடித்திருந்த மகள் போய்விட்டாள். கேசட் முழுக்க ஒரே வாக்கியம்: "கை வுட்டுப்பூச்சு." மேடம் அதற்குச் சிவப்புக் கோடு போட்டார். 'விட்டேன்' என்று எங்கேயுமே வரவில்லையாம், பொறுப்பைக் கைமேல் போட்டுவிட்டு ஆள் ஒதுங்கிக்கொள்கிறாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டம்ளர் விழுந்தால் நாமெல்லாம் 'கை தவறிடுச்சு' என்றுதானே சொல்கிறோம்? அதை வாய்விட்டே கேட்டுத் தொலைத்தேன். மேடம் டேப்பைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்ப அவரையே நேரா கேட்டுடறேன்."

இரண்டாவது கேசட்

மேடத்தின் குரல்: "கை விட்டுப்போச்சா, நீங்க விட்டீங்களா?" அப்புறம் பேச்சே இல்லை. தூரத்தில் அலைச் சத்தம். புள்ளி வைத்தேன், வைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஏழுமலை, "வுட்டுட்டேன் மேடம். நாந்தான்" என்றார்.

உடனே அவர் மனைவி அஞ்சலையின் கத்தல்: "ஏம்மா, உனுக்கு இன்னா கேடு? 'வுட்டுட்டேன், வுட்டுட்டேன்'னு கயித்தத் தேடிகினு திரிஞ்ச மனுசன்மா அது! 'நீ வுடலய்யா, கை வுட்டுப்பூச்சு'ன்னு நாந்தான் சொல்லிச் சொல்லி உசுரோட வெச்சிகினு கீறேன். இனிமே நான் இன்னாத்த சொல்றது?"

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். அன்றிலிருந்து அஞ்சலை அவரைத் தனியாக எங்கேயும் அனுப்புவதில்லை என்று கேள்விப்பட்டேன். மேடத்துக்கும் கண் சிவந்துதான் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த எடத்த மட்டும் விட்டுடும்மா."

அச்சான அறிக்கையில் அங்கே 'சில வரிகள் விடுபட்டுள்ளன' என்று இருக்கிறது. விட்டது யார் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.